ஆடுகளை அறிந்த ஆயன்

திருச்சபையிலே தலைமைப் பொறுப்பேற்றோர் பலருக்கு மக்கள் கூட்டம் உண்டு. மனந்திறந்து பேசத்தக்க நண்பர்தாம் இல்லை. நெருங்கிப் பழகினால் மதிப்புக் குன்றிவிடும் என்ற அச்சம் அவர்களைத் தனிமைப்படுத்திவிடுகின்றது. தில்லையடி அமைந்துள்ள புத்தளக் கரையோரத்திலும் திருப்பணியாற்றிய புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு, இவ்வச்சத்தைப் போக்கவல்லது.

கோவாவின் பெனோலிம் கிராமத்தில் 1651 ஆம் ஆண்டு பிறந்த அடிகளார், 1676 இல் குருவானார். இலங்கையிலே ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்தமையால், மக்கள் மேய்ப்பரின்றித் தவித்தனர். இதனையறிந்த அவர், 1687 இல் எளிய கோலத்திலே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். உடன் வந்தவர் ஜோன் என்னும் பணியாளர். பயணத்தின் களைப்பினால் இருவரும் கடும் நோயுற்றுக் கிடந்தபோது, பெண்மணியொருவர் கொணர்ந்த கஞ்சியே அவர்களைத் தேற்றியது. கொடுக்க வந்தவர் முதலிலே பெற்றுக்கொள்ளக் கற்றார்.

பின்னர் கழுத்தில் ஜெபமாலை அணிந்து, பிச்சைக்காரரைப்போல வீடுவீடாகச் சென்றார். ஜெபமாலையைக் கண்டு அன்பு காட்டியோரிடமே தாம் குருவென்பதை வெளியிட்டார். காட்டிக்கொடுக்கப்பட்டால் அவருக்கும், இடமளித்த வீட்டாருக்கும் ஆபத்து. அச்சூழலிலே அவருடைய தலைமை ஒருவரையொருவர் நம்பும் நம்பிக்கையின்மீதே எழுப்பப்பட்டது.

ஒல்லாந்தரின் கெடுபிடி மிகுந்தமையால், 1690 இல் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்கு வந்து, அங்குள்ள விசுவாசிகளைத் திடப்படுத்தினார். 1692 இல் கண்டிக்குச் சென்றபோது உளவாளியெனச் சந்தேகிக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அங்கும் ஜோன் அவரைவிட்டுப் பிரியவில்லை. அக்காலத்தைச் சிங்களம் கற்கப் பயன்படுத்தினார் அடிகளார். ஒரு மக்களின் மொழியைக் கற்பவன், அவர்களுடைய துயரத்தையும் கேட்கக் கற்கிறான் அல்லவா?

1697 இல் கண்டியிலே பெரியம்மை பரவியது. அரசனும் நகரைவிட்டு அகன்றான். உறவினரே நோயாளரைக் கைவிட்டனர். அடிகளாரோ, உடன்குருவான யோசே கர்வாலியோவுடன் அவர்களைத் தேடிச்சென்று, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். மதவேறுபாடு பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16 ஆம் திகதி கண்டியிலே இறைவனடி சேர்ந்த அவரை, 2015 ஜனவரி 14 ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே புனிதராக உயர்த்தினார்.

ஆண்டவர் இயேசுவும் சீடர்களை நண்பர்களென அழைத்தார். கெத்சமனித் தோட்டத்திலே தமது வேதனையை மறைக்காமல், தம்மோடு விழித்திருக்கும்படி மூவரை வேண்டினார். ஆயரோ, போதகரோ, குடும்பத் தலைவரோ, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டோரின் நோயையும் கண்ணீரையும் நாம் அறிந்திருக்கின்றோமா? நமது பலவீனத்தை அறிந்து நமக்குக் கஞ்சி கொணர ஒருவரையேனும் அனுமதித்திருக்கின்றோமா? இவ்வாரம் அத்தகைய ஒருவரின் இல்லத்துக்குச் செல்வோம். நம்மை நண்பர்களாக்கிய ஆண்டவர் அங்கே நமக்கு முன்பாகவே இருப்பார். ஆமென்.