சட்டி கழுவிய பெண் கண்ட விந்தை

திருவாடானைப் பக்கம் மீன் குழம்புச் சட்டி கழுவாத பெண் உண்டா? சட்டியில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மேலே படலமாகப் பரவும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் பட்டால் சட்டென்று விலகி ஓடும். எல்லோரும் பார்ப்பதுதான். ஜெர்மனியில் ஒரு பெண் அதை அளந்தும் பார்த்தார்.

அவர் பெயர் ஆக்னஸ் போக்கல்ஸ்.

1862ஆம் ஆண்டு இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் ஆஸ்திரியப் பட்டாளத்துக்காரர். நோயால் உடல் கெட்டு, 1871ல் குடும்பத்தோடு ஜெர்மனியின் பிரவுன்ஸ்வைக் நகருக்கு வந்துவிட்டார்.

ஆக்னசுக்கு விஞ்ஞானம் என்றால் உயிர். ஆனால் அக்காலத்தில் அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கமாட்டார்கள். தம்பி படிக்கப் போனார். அக்காள் அடுப்படிக்குப் போனார். நோயாளிப் பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. தம்பி தந்த புத்தகங்களை, வேலை ஓய்ந்த நேரத்தில் படித்தார்.

தகரத் தொட்டி

ஏறக்குறைய 20 வயதில் ஒரு கருவி செய்தார். வேறொன்றுமில்லை, ஒரு தகரத் தொட்டி! நீளம் 70 சென்டிமீட்டர், அகலம் 5, உயரம் 2. அதில் விளிம்புவரை தண்ணீர். குறுக்கே ஒரு தகரப் பட்டை.

பட்டையைத் தள்ளினால் தண்ணீர்மேல் கிடக்கும் எண்ணெய்ப் படலம் நெருங்கும். இழுத்தால் விரியும். தண்ணீர்மேல் ஒரு சிறு வட்டத் தகட்டை வைத்து, அதைப் பிரித்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று தராசில் பார்த்தார். படலம் ஓர் அளவுவரை நெருங்கும்போது மாறுதல் இல்லை. அதைத் தாண்டியதும் தண்ணீரின் பிடிப்பு மளமளவென்று குறைந்தது.

இதை யாரிடம் சொல்வது? வீட்டுப் பெண்ணின் கட்டுரையை எந்தப் பத்திரிகை போடும்? ஆண்டுகள் ஓடின. 1891 ஜனவரியில் இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானி ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். பிரபுவின் மனைவி அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பிரபுவோ பொறாமைப்படவில்லை. நேச்சர் பத்திரிகைக்கு அனுப்பி வைத்தார். மார்ச் 12ஆம் தேதி கடிதம் வெளிவந்தது.

அமெரிக்க விஞ்ஞானி லாங்மூயர் அத்தகைய தொட்டியைத் திருத்தி ஆராய்ந்தார். 1932ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு, 70 வயது ஆக்னசுக்குப் பிரவுன்ஸ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1935ல் அவர் காலமானார். தொட்டிக்கு லாங்மூயர் பெயரே நிலைத்தது. இது நியாயமல்ல.

ஊசி மருந்திலும்

நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்புச் சவ்வு மூடியிருக்கிறது. அது இரண்டு அடுக்கு என்பதை 1925ல் ஹாலந்து நாட்டார் இருவர் இத்தகைய தொட்டியால்தான் கண்டார்கள்.

கொரோனா நோய்க்கு 2020ல் வந்த சில தடுப்பூசிகளில், மரபுச் செய்தியைச் சிறு கொழுப்புத் துகளில் பொதிந்து வைத்திருந்தார்கள். உயிரணு அந்தத் துகளை ஒரு பைக்குள் இழுத்துக்கொள்ளும். பையில் புளிப்பு ஏறும். உடனே துகளின் கொழுப்பு மின்னேற்றம் பெற்று, பையின் சவ்வோடு ஒட்டி அதைக் குலைக்கும். செய்தி வெளியே வரும். அதுவும் முழுதும் வருவதில்லை. சிறு பங்குதான் தப்பி வருகிறது. மீதி வீண்.

அந்த வீணைக் குறைக்கத்தான் விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள். தொட்டித் தண்ணீர்மேல் சவ்வின் கொழுப்பைப் பரப்பி, அடியில் துகள்களை விடுகிறார்கள். துகள் படலத்துக்குள் நுழைந்தால் அழுத்தம் ஏறும். நுழையாவிட்டால் ஏறாது.