மயிரிழை பிசகாத மனிதர்

காடிலாக் என்ற பெயரைக் கேட்டதும் நம் கண்முன் வந்து நிற்பது எது? நீண்ட உடல், பளபளக்கும் வெள்ளித் தகடு, மீன் துடுப்புப் போல் உயர்ந்த வால், உள்ளே சாய்ந்து அமர்ந்திருக்கும் செல்வர். ஹாலிவுட் படங்களிலே நாம் பலமுறை கண்ட காட்சி. அமெரிக்க மக்கள் ஒரு பொருளை அதன் இனத்திலே தலைசிறந்தது என்று புகழ எண்ணினால், அந்த இனத்தின் காடிலாக் என்றே சொல்லிவிடுவார்கள். மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக்கூட அவர்கள் அப்படிச் சொல்வதுண்டு!

இந்தப் புகழை ஈட்டித் தந்தது வெள்ளித் தகடா? வெல்வெட்டு மெத்தையா? இரண்டும் அல்ல. வெண்தாடி முதியவர் ஒருவரின் கையிலிருந்த அளவுக் கருவி. அவர் பெயர் ஹென்றி மார்ட்டின் லீலண்ட். நம் சாலைகளில் ஓடும் அசோக் லேலண்ட் லாரிக்கும் இவருக்கும் உறவு ஏதும் இல்லை. அது இங்கிலாந்து நாட்டு ஊர் ஒன்றின் பெயர், இவர் அமெரிக்கர்.

இயற்பியல் முதுகலை மாணவனாகிய நான், கார் முதலாளி ஒருவரின் வாழ்க்கையை நம் மன்ற இதழில் எழுதப் புகுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. சற்று வெட்கத்துக்குரிய காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உழவர் வீட்டுப் பிள்ளை

1843-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16-ஆம் நாள், வெர்மாண்ட் மாநிலத்திலே, பார்ட்டன் என்னும் ஊரருகே உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார் லீலண்ட். அவர் இளைஞராய் இருந்தபோது அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் மூண்டது. ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையிலே அவர் வேலைக்கு அமர்ந்தார்.

அந்தத் தொழிற்சாலைதான் அவருக்குப் பல்கலைக் கழகம். போர்க்களத்திலே ஒரு துப்பாக்கியின் விசை உடைந்துவிட்டால், கொல்லரைத் தேடிப்போக நேரமேது? வேறொரு துப்பாக்கியிலிருந்து விசையைக் கழற்றி மாட்டியாகவேண்டும். அப்படியானால் ஆயிரம் துப்பாக்கிகளின் ஆயிரம் விசைகளும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். எந்த உறுப்பையும் எந்தத் துப்பாக்கியிலும் பொருத்தலாம் என்னும் இந்தக் கொள்கையே அவர் வாழ்நாள் முழுதும் கைவிடாத கொள்கை ஆயிற்று.

பின்னர் 1872-இல் பிராவிடென்ஸ் நகரிலிருந்த பிரவுன்-ஷார்ப் நிறுவனத்திலே சேர்ந்தார். மைக்ராமீட்டருக்கும் கடைசல் இயந்திரங்களுக்கும் பேர்போன நிறுவனம் அது. நம் ஊர்த் தச்சரும் கொத்தனாரும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு நூல் என்பார்கள். பிரவுன்-ஷார்ப்பிலே அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தார்கள். எண்ணிப் பாருங்கள்! நம்முடைய ஒரு நூலுக்குள்ளே 125 பங்குகள்!

டெட்ராய்ட்டிலே

1890-ஆம் ஆண்டு, நாற்பத்தேழாம் வயதிலே, பழகிய ஊரை விட்டு மேற்கே டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். ராபர்ட் ஃபால்கனர் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து சொந்தப் பட்டறை தொடங்கினார். மிதிவண்டிகளுக்குப் பற்சக்கரம் செய்தார். மோட்டார்க் கார் தலைகாட்டிய காலம் அது. 1901-இல் ஓல்ட்ஸ் கார்த் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. அதன் பிறகு ஓல்ட்ஸ் நிறுவனம் தனக்கு வேண்டிய எஞ்சின்களை வெளியே செய்து வாங்கியது. லீலண்டிடமும் அந்த வேலை வந்தது. அப்போது ஒரு விந்தை நிகழ்ந்தது. வரைபடம் ஒன்றேதான், ஆனால் லீலண்ட் பட்டறையிலிருந்து வந்த எஞ்சின் மற்றவர் செய்ததைவிட வலிமை மிக்கதாய் இருந்தது! மந்திரம் ஏதும் இல்லை. உறுப்புகள் துல்லியமாகப் பொருந்தியதால் உராய்வில் வீணாகும் ஆற்றல் குறைந்தது. அவ்வளவுதான்.

அதே எஞ்சினை மேலும் திருத்திப் பத்துக் குதிரைத் திறன் தரும்படி செய்தார். ஓல்ட்ஸ் நிறுவனம் அதை ஏற்கவில்லை. ஆனால் வாய்ப்பு வேறு வாசல் வழியே வந்தது. ஹென்றி ஃபோர்டு பெயரால் நடந்த ஒரு கம்பெனியிலே, பணம் போட்டவர்களுக்கும் ஃபோர்டுக்கும் ஒத்துவரவில்லை. ஆலோசகராக லீலண்டை அவர்கள் அழைத்து வந்தது ஃபோர்டுக்குப் பிடிக்கவில்லை. 1902-இல் அவர் விலகினார். கம்பெனியை விற்றுவிட முடிவு செய்த பணக்காரர்கள், இயந்திரங்களுக்கு விலை மதிப்பிட்டுத் தருமாறு லீலண்டை மறுபடி அழைத்தார்கள். அவரோ விலைப்பட்டியலோடு தம் எஞ்சினையும் கொண்டுபோனார். விற்கவேண்டாம், இதை வைத்துக் கார் செய்யுங்கள் என்று எடுத்துரைத்தார். அவர்களும் இசைந்தார்கள். 1701-இல் டெட்ராய்ட் நகரைத் தோற்றுவித்த பிரெஞ்சுக்காரர் காடிலாக்கின் பெயர் கம்பெனிக்குச் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு நியூயார்க் கண்காட்சியில் 2000-க்கும் மேற்பட்ட கார்களுக்கு மக்கள் முன்பதிவு செய்தார்கள்.

அந்நாளிலே பேரிங் செய்து விற்ற இளைஞர் ஒருவர் லீலண்டிடம் வந்து சிக்கிக்கொண்டார். அவர் அனுப்பிய பேரிங்குகளை லீலண்ட் மைக்ராமீட்டரால் அளந்து, ஒன்றுக்கொன்று வேறுபடுவதை அவர் கண்ணெதிரே காட்டினார். பத்தாயிரம் உறுப்பு செய்தாலும் முதலாவதும் கடைசியும் ஒன்றாய் இருக்கவேண்டும் என்று அறிவுறுத்தி அனுப்பினார். துல்லியம் என்பது என்னவென்று அன்றுதான் தாம் உணர்ந்ததாக அந்த இளைஞர் பிற்காலத்தில் எழுதினார். அவர்தான் ஆல்ஃபிரட் ஸ்லோன். ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் மாபெரும் நிறுவனத்துக்கு 1923-இல் தலைவரானவர்.

கலைத்துப் போட்ட கார்கள்

1908-ஆம் ஆண்டு. அமெரிக்கக் கார் என்றால் மலிவுச் சரக்கு என்று ஐரோப்பியர் எள்ளி நகைத்த காலம். ஐரோப்பியக் கார்களிலே ஒவ்வோர் உறுப்பையும் தேர்ந்த தொழிலாளி ஒருவர் அரத்தால் அராவி அராவிப் பொருத்துவார். அந்த உறுப்பு அந்தக் காருக்கு மட்டுமே பொருந்தும். கைவேலை என்று அதையே பெருமையாகவும் பேசினார்கள்.

லண்டனில் காடிலாக்கின் முகவராயிருந்த ஃபிரெடரிக் பென்னட், அரச மோட்டார்க் கழகத்தின் சோதனைக்குத் தம் சரக்கிலிருந்து மூன்று கார்களை ஒப்படைத்தார். புரூக்லண்ட்ஸ் ஓட்டத் திடலில் அவற்றை ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கொட்டகையிலே மூன்றையும் அக்கக்காகக் கழற்றினார்கள். ஒரு காருக்கு 721 உறுப்புகள்! மூன்று காரின் உறுப்புகளையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதுவும் போதாதென்று, 89 உறுப்புகளை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, முகவரின் கிடங்கிலிருந்து புதிய உறுப்புகளைக் கொணர்ந்து போட்டார்கள். குவியலிலிருந்து மூன்று கார்களை மறுபடி உருவாக்கவேண்டும். திருகாணி முடுக்கியும் ஸ்பானரும் கொண்டே முடிக்கவேண்டும், அரம் தொடக்கூடாது.

முடியுமா? முடிந்தது. ஒன்றின் உறுப்பு மற்றொன்றின் உடலில் ஏற, கூத்தாடியின் சட்டை போலப் பல வண்ணத்தோடு மூன்று கார்களும் எழுந்து நின்றன. எஞ்சின்கள் இயங்கின. திடலைச் சுற்றிச் சுற்றி 500 மைல் ஓடிக் காட்டின. அந்த ஆண்டின் சிறந்த மோட்டார் முன்னேற்றத்துக்கான டூவார் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது. உலகின் தரம் என்று அந்தக் கம்பெனி தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொள்ளத் தொடங்கியது. தற்பெருமைதான், ஆனால் அதற்குப் பின்னே அந்தக் குவியல் சாட்சியாக இருந்தது!

கைப்பிடியும் ஓர் உயிரும்

அக்காலக் காரைக் கிளப்ப முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றவேண்டும். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் கை முறியும், தாடை நொறுங்கும். லீலண்டின் நண்பரும் கார் உற்பத்தியாளருமான பைரன் கார்ட்டர், நின்றுபோன வண்டியைக் கிளப்ப உதவப்போய் அடிபட்டு அதனாலேயே 1908-இல் இறந்தார் என்று சொல்லப்படுகிறது. காடிலாக் இனி எவரையும் கொல்லக்கூடாது என்று லீலண்ட் உறுதி பூண்டாராம்.

டேட்டன் நகரத்து சார்லஸ் கெட்டரிங் அதற்கு வழி கண்டார். கடைகளிலே வைக்கும் பணப்பதிவு இயந்திரத்தை மின்சாரத்தால் இயக்கிக் காட்டியவர் அவர். சிறிய மின் மோட்டாரும் சில நொடிகளுக்கு மட்டுமானால் தன் சக்திக்கு மீறிய சுமையைத் தாங்கும் என்பது அவர் அறிந்த உண்மை. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி மின்கலத்தை நிரப்பும்! 1912-ஆம் ஆண்டுக் காடிலாக்கிலே இது பொருத்தப்பட்டது. இரண்டாம் முறையும் டூவார் கோப்பை வந்தது. வலுத்த கை உள்ளவருக்கே உரியதாயிருந்த கார் எல்லோருக்கும் பொதுவாயிற்று. பெண்கள் துணையின்றி வண்டி ஓட்டினார்கள்.

மீண்டும் ஒரு தொடக்கம்

1909-இல் காடிலாக்கை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. நிர்வாகம் லீலண்டிடமும் அவர் மகன் வில்ஃபிரடிடமும் நீடித்தது. 1917-இல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கிற்று. விமான எஞ்சின் செய்வது பற்றி மேலிடத்தோடு பிணக்கு நேர்ந்தது. எழுபத்து நான்கு வயதில் வெளியேறிப் புதிய கம்பெனி கண்டார் லீலண்ட்! இளமையில் தாம் முதன்முதலாக வாக்களித்த தலைவர் லிங்கனின் பெயரையே அதற்கு வைத்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விமான எஞ்சின்கள் அங்கே உருவாயின.

போர் முடிந்ததும் 1920-இல் லிங்கன் கார் வந்தது. எஞ்சின் அருமை, உடல் பழம்பாணி. வணிகமும் மந்தம், அரசின் வரிக் கோரிக்கை வேறு. கம்பெனி நொடித்தது. 1922 பிப்ரவரியில் 80 லட்சம் டாலருக்கு அதை வாங்கியவர் யார் தெரியுமா? இருபது ஆண்டுகளுக்கு முன் விலகிப்போன அதே ஹென்றி ஃபோர்டு! நான்கே மாதத்தில் தந்தையும் மகனும் வெளியே நின்றார்கள். வழக்காடியும் பயனில்லை. 1932 மார்ச் 26-இல், 89-ஆம் வயதில் லீலண்ட் மறைந்தார்.

அவரிடம் குறை இல்லையா? உண்டு. தொழிற்சங்கம் ஆலைக்குள் காலடி வைக்கக்கூடாது என்று டெட்ராய்ட் முதலாளிகள் கூடியபோது முன்னணியில் நின்றவர் அவர். இரும்பை மயிரிழை பிசகாமல் அளந்தவர், உழைப்பவனின் உரிமையை அளப்பதிலே பிசகினார். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியாகாது.

அவர் படைத்த இரண்டு பெயர்களும் இன்றும் வாழ்கின்றன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் செல்வது காடிலாக்கில். 1963-இல் கென்னடி சுடப்பட்டபோது அமர்ந்திருந்தது லிங்கனில். ஆனால் பெயர் மட்டும் போதுமா? 1982-இல் மலிவான செவர்லே காருக்குச் சற்று ஒப்பனை செய்து, சிமரான் என்று பெயரிட்டுக் காடிலாக் சின்னத்தைக் குத்தி விற்றார்கள். மக்கள் ஏமாறவில்லை. அந்தப் பழியைத் துடைக்கக் கம்பெனி நெடுங்காலம் பாடுபடவேண்டியிருந்தது.

என் கதை

இனி என் வெட்கத்துக்கு வருகிறேன். சென்ற பருவத்தில் ஒளிமின் விளைவு மூலம் பிளாங்க் மாறிலியைக் கண்டறியும் ஆய்வு எனக்கு வந்தது. ஏழு அளவீடுகளில் ஐந்து நேர்கோட்டில் அமைந்தன. இரண்டு விலகி நின்றன. நான் என்ன செய்தேன்? அந்த இரண்டையும் அழித்துவிட்டுக் கோட்டில் விழும்படி எண்களை எழுதினேன். விடை அழகாக வந்தது. நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

விடுமுறைக்குப் புனே சென்றேன். என் அப்பா அங்கே ஒரு கடைசல் பட்டறையில் முப்பது ஆண்டாக வேலை பார்ப்பவர். பிழைப்புக்காகக் கோவைப் பக்கத்திலிருந்து போனவர். அரை நாள் உழைத்துக் கடைந்த தண்டு ஒன்றை மைக்ராமீட்டரால் அளந்தார். ஒன்றும் பேசாமல் கழிவுக் குவியலில் போட்டார். இவ்வளவு சிறிய பிசகு யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். பேரிங்குக்குத் தெரியும் என்றார். அப்பா லீலண்டைப் பற்றி அறிந்தவர் அல்லர். அவருக்கு லீலண்ட் தேவையும் இல்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது.

திரும்பி வந்ததும் ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு ஆய்வை மறுபடி செய்தேன். கருவிப் பெட்டியின் இடுக்கு வழியே வெளியொளி புகுந்துகொண்டிருந்தது. அதுதான் அந்த இரண்டு புள்ளிகள் எனக்குச் சொல்ல வந்த செய்தி. அதைத்தான் நான் அழித்திருந்தேன். இப்போது மதிப்பெண் குறைந்திருக்கிறது. பதிவேட்டில் உள்ள எண்கள் அத்தனையும் மெய்.

நண்பர்களே, உங்கள் பதிவேட்டிலும் அழித்து எழுதிய இடம் ஒன்றிரண்டு இருக்கக்கூடும். ஆய்வுக்கூடம் மாலை ஐந்து மணிவரை திறந்திருக்கிறது.