பசியில் வாடிய படைக்கு ஒரு தகர அடுப்பு: லண்டனின் ஸ்டார் சமையல்காரர் போர்க்களத்துக்குப் போன கதை

1854-ம் ஆண்டு குளிர்காலம். கருங்கடல் ஓரத்தில் இருக்கும் கிரிமியா. ரஷ்யாவின் செவஸ்தபோல் கோட்டை நகரத்தை பிரிட்டிஷ், பிரெஞ்சு, துருக்கிப் படைகள் முற்றுகையிட்டிருந்தன.

இரவெல்லாம் பதுங்குகுழியில் முழங்கால் சேற்றில் நின்றுவிட்டு ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் கூடாரத்துக்குத் திரும்புகிறான். கையில் அன்றைய ரேஷன்: ஒரு துண்டு உப்பிட்ட இறைச்சி, கல் மாதிரி ரொட்டி, ஒரு பிடி காபிக் கொட்டை. அதுவும் வறுக்காத பச்சைக் கொட்டை. வறுக்க சட்டி இல்லை, அரைக்க எந்திரம் இல்லை, எரிக்க விறகும் இல்லை. செடிகளின் வேரைத் தோண்டி எடுத்து, ஈரத்தோடு பற்றவைக்கப் பார்ப்பான். பற்றினால் சாப்பாடு. இல்லாவிட்டால் பச்சை இறைச்சியையே கடித்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான்.

அந்தப் போரில் செத்த பிரிட்டிஷ் வீரர்கள் சுமார் 21,000 பேர். அதில் சுமார் 16,000 பேர் நோயால் போனவர்கள். எதிரியின் குண்டைவிட காலராவும் வயிற்றுப்போக்கும் ஸ்கர்வியும்தான் அதிகம் பேரைக் கொன்றன.

இந்தச் செய்திகளை எல்லாம் லண்டனில் உட்கார்ந்து பேப்பரில் படித்துக்கொண்டிருந்தார் ஒருவர். ராணுவத்துக்கும் அவருக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. அவர் ஒரு சமையல்காரர். பெயர் அலெக்சிஸ் சோயர்.

யார் இந்த சோயர்?

பாரிஸ் அருகே மோ என்ற ஊரில் 1810-ல் பிறந்தவர். பாதிரியாராக்கலாம் என்று வீட்டில் நினைத்தார்கள். பையனுக்கு அதில் இஷ்டமில்லை. நள்ளிரவில் தேவாலய மணியை அடித்து ஊரையே எழுப்பி, அதனாலேயே துரத்தப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. பிறகு சமையல்காரரான அண்ணன் பிலிப்பிடம் போய்ச் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டார். 20 வயதிலேயே பிரெஞ்சு வெளியுறவு அமைச்சக சமையலறையில் வேலை. 1830-ல் பாரிஸில் புரட்சி வெடித்ததும் அந்த வேலை போனது. அடுத்த ஆண்டே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

1837-ல் லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் தலைமைச் சமையல்காரர் ஆனார். லிபரல் அரசியல்வாதிகள் கூடும் இடம் அது. அடுத்த ஆண்டு விக்டோரியா மகாராணி முடிசூடிய நாளில் 2,000 பேருக்குக் காலை விருந்து வைத்தார். கிளப்புக்குப் புதுக் கட்டடம் எழும்பியபோது, கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரியோடு சேர்ந்து சமையலறையை அவரே வடிவமைத்தார். அந்தக் காலத்திலேயே கேஸ் அடுப்பு, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அவன், குளிர்ந்த நீரால் குளிரூட்டிய அலமாரி எல்லாம் அங்கே இருந்தன. அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள்.

மனுஷன் கொஞ்சம் ஷோ பார்ட்டிதான். சட்டை, கோட்டு எல்லாம் கோணலாக வெட்டித் தைத்ததுதான் போடுவார். தொப்பியும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். புத்தகம் எழுதினார், சாஸ் விற்றார், மேஜை மேல் வைத்துச் சமைக்கும் சின்ன ஸ்பிரிட் அடுப்பு விற்றார். இப்போது இருந்திருந்தால் யூடியூபில் பல லட்சம் சப்ஸ்கிரைபர் நிச்சயம்.

சொந்த வாழ்க்கையில் அடி பலமாக விழுந்தது. மனைவி எம்மா நல்ல ஓவியர். 1842-ல் கர்ப்பமாக இருந்தபோது உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். சோயர் அப்போது பெல்ஜியத்தில் இருந்தார். அதற்குப் பிறகு அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

டப்ளினில் வாங்கிய திட்டு

1847. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பெரும் பஞ்சம். அரசு சோயரை டப்ளினுக்கு அனுப்பியது. ஏப்ரல் மாதம் அங்கே ஒரு மாதிரி சூப் கூடம் திறந்தார். பெரிய மரக்கொட்டகை, நடுவில் 300 காலன் கொதிகலன். மணி அடித்தால் 100 பேர் உள்ளே போக வேண்டும். கிண்ணத்தோடு ஸ்பூன் சங்கிலியில் கட்டியிருக்கும். குடித்து முடித்ததும் அடுத்த மணி, அடுத்த 100 பேர். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சூப் ஊற்ற இந்த ஏற்பாடு உதவியது.

ஆனா சூப்பில் என்ன இருந்தது? அவருடைய ஒரு செய்முறையில் 2 காலன் தண்ணீருக்கு, அதாவது சுமார் 9 லிட்டருக்கு, கால் பவுண்டு மாட்டிறைச்சிதான். நம்ம கணக்கில் 110 கிராம் சொச்சம். கூடவே கொஞ்சம் மாவு, பார்லி, வெங்காயம். நாக்குக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். உடம்பில் ஒட்டாது என்று மருத்துவர்கள் சண்டைக்கே வந்தார்கள். போதாக்குறைக்கு, திறப்பு விழா அன்று பசித்தவர்கள் சாப்பிடுவதைப் பார்க்க வசதியானவர்கள் 5 ஷில்லிங் கொடுத்து வந்தார்கள். அந்தப் பணம் தர்மத்துக்குத்தான் போனது. இருந்தாலும் அந்தக் காட்சியை ஐரிஷ் மக்கள் மன்னிக்கவில்லை. நியாயம்தான்.

ஆனால் ஆயிரம் பேர் பசிக்கு முன்னால் ருசிக்கு முந்தி வருவது எரிபொருளும் பாத்திரமும் வரிசையும்தான் என்பதை சோயர் படித்த இடமும் அதே டப்ளின்தான்.

1850-ல் கிளப்பை விட்டு விலகினார். 1851-ல் லண்டன் உலகக் கண்காட்சிக்கு எதிரே ஒரு பிரம்மாண்ட உணவகம் திறந்து, சில மாதங்களில் சுமார் 7,000 பவுண்டு நஷ்டத்தோடு மூடினார்.

ஒரு கடிதம், ஒரு பொம்மை அடுப்பு

1855 பிப்ரவரி. கிரிமியா செய்திகளைப் படித்துவிட்டு தி டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அரசு சம்மதித்தால் சொந்தச் செலவிலேயே போய் ராணுவ மருத்துவமனைச் சமையலறைகளைச் சரிசெய்து தருகிறேன் என்பதுதான் சாரம். போர்த்துறை அமைச்சர் பான்மியூர் பிரபு கூப்பிட்டுப் பேசினார்.

பேசப் பேச சோயருக்கு ஒன்று புரிந்தது. மருத்துவமனையைச் சரிசெய்தால் மட்டும் போதாது. வீரன் நோயாளி ஆவதே முகாமில்தான். அங்கே ஆளுக்கொரு தகரப் போகணி கொடுத்து, நீயே சமைத்துக்கொள் என்று விட்டிருந்தார்கள். பக்கத்து முகாமில் பிரெஞ்சுப் படையினர் குழுவாகச் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு ஓரளவு தெம்பாக இருந்தார்கள். ஆக, வேண்டியது பலருக்குச் சேர்த்துச் சமைக்கிற, தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஓர் அடுப்பு. லண்டனை விட்டுக் கிளம்புவதற்குள் அதற்கு ஒரு சின்ன மாதிரி செய்து அமைச்சரிடம் காட்டி ஒப்புதலும் வாங்கிவிட்டார்.

அந்த அடுப்பில் அப்படி என்ன விசேஷம்?

மூன்று கல் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்க. தீ நாலு பக்கமும் திறந்து கிடக்கும். காற்று அடித்தால் பாதி சூடு வெளியே போயிடும். மழை பெய்தால் கதை முடிஞ்சது. பாத்திரத்தின் அடி மட்டும் சுடும், விறகோ மளமளவென்று கரையும்.

சோயர் இதை அப்படியே மாற்றினார். இரும்புத் தகட்டில் ஒரு டிரம். கீழே தீ எரியும் அறை, அதற்கு ஒரு சின்னக் கதவு. மேலே இருந்து ஓர் அண்டாவை டிரம்முக்குள் இறக்கி உட்கார வைக்க வேண்டும், அதற்கு மூடி. பின்னால் புகைபோக்கி. அவ்வளவுதான்.

தீ உள்ளே அடைபட்டிருப்பதால் சூடான காற்று அண்டாவைச் சுற்றி வந்துதான் புகைபோக்கிக்குப் போகும். அடி மட்டுமல்ல, பக்கமும் சுடும். காற்று, மழை, பனி எதுவும் தீயைத் தொடாது. கதவைக் கொஞ்சம் மூடினால் தீ தணியும், திறந்தால் எரியும். விறகு, கரி, காய்ந்த சாணம் என எது கிடைத்தாலும் போடலாம். இன்னொரு லாபம் போர்க்களத்துக்கே உரியது: இரவில் எரித்தாலும் வெளிச்சம் வெளியே தெரியாது. திறந்த தீயைப் பார்த்துக் குறிவைக்கும் எதிரிக்கு இங்கே வேலை இல்லை.

அண்டாவின் கொள்ளளவு 12 காலன், சுமார் 54 லிட்டர். ஓர் அடுப்பில் 50 பேருக்குச் சமைக்கலாம். ஒரு கோவேறு கழுதை இரண்டு அடுப்புகளைச் சுமக்கும். டிரம்முக்குள்ளேயே காய்ந்த விறகைத் திணித்துக்கொண்டு போகலாம் என்பதால், போய் இறங்கியதும் விறகு தேடி அலைய வேண்டாம். துறைமுகத்திலிருந்து முகாம் வரை பாதையே சேறாகி, சுமக்கும் விலங்குகள் விழுந்து செத்துக்கொண்டிருந்த இடத்தில் இது சாதாரண விஷயமில்லை.

சோயர் போட்ட கணக்கு இது. 1,000 பேர் கொண்ட படைப்பிரிவுக்கு 20 அடுப்பு. ஓர் அடுப்புக்கு 12 முதல் 15 பவுண்டு, அதாவது 5.5 முதல் 7 கிலோ விறகு. அதிகபட்சம் 300 பவுண்டு, சுமார் 136 கிலோவில் வேலை முடிந்தது. பழைய முறையில் ஆளுக்கு 4 பவுண்டு வீதம் 4,000 பவுண்டு, சுமார் 1,800 கிலோ போகும். கண்டுபிடித்தவரே போட்ட கணக்கு என்பதால் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். பாதி உண்மை என்றாலும் பெரிய மிச்சம்தானே?

இதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. கடன் கழுத்தை நெரித்த ஒருவர், கைக்குக் கிடைத்த பெரிய வியாபாரத்தை விட்டுக்கொடுத்தது ஆச்சரியம்தான்.

பொத்தான் கட்டிய இறைச்சி

அடுப்புகள் லண்டனில் தயாராகிக்கொண்டிருக்க, மார்ச் மாதம் சோயர் கிளம்பினார். முதலில் போனது இஸ்தான்புல்லை ஒட்டிய ஸ்கூட்டாரி. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பணியாற்றிய ராணுவ மருத்துவமனை அங்கேதான் இருந்தது.

சமையலறையில் அவர் கண்டது இது. ஒவ்வொரு குழுவின் இறைச்சியையும் குச்சியோடு சேர்த்து இறுக்கக் கட்டி ஒரே கொப்பரையில் போடுகிறார்கள். எது யாருடையது என்று தெரிய பழைய பொத்தான், துணிக் கிழிசல், ஆணி என்று எதையாவது அடையாளமாகக் கட்டிவிடுகிறார்கள். இறுகக் கட்டியதால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக இருக்கும். பிறகு வெந்த தண்ணீரை, சத்தும் கொழுப்புமாக, கீழே கொட்டிவிடுகிறார்கள். இறைச்சி வெந்த அதே கொப்பரையில் டீ!

சோயர் கூடுதலாக ரேஷன் கேட்கவில்லை. அதே இறைச்சி, அதே மாவுதான். தளர்வாகக் கட்டச் சொன்னார், குச்சிக்குப் பதில் உலோகக் கம்பி கொடுத்தார், வேகவைத்த தண்ணீரையே சூப்பாக மாற்றினார். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்து வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்தக் காட்டிக்கொடுத்தார். டீத்தூளுக்கு உள்ளே தனி வடிகட்டி வைத்த கெட்டில் ஒன்றும் செய்தார். சிப்பாய்களையே சமையல்காரர்களாகப் பழக்கினார். நைட்டிங்கேல் லேசில் யாரையும் பாராட்டமாட்டார். அவரே சோயரின் வேலையை மதித்தார்.

மே மாதம் இருவரும் கிரிமியாவுக்குப் போனார்கள். போன சில நாட்களில் நைட்டிங்கேல் கடும் காய்ச்சலில் விழுந்து உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். பின்னர் சோயரையும் அதே காய்ச்சல் பிடித்தது. அதிலிருந்து அவர் முழுதாக மீளவே இல்லை.

தாமதமாக வந்த அடுப்பு

அடுப்புகள் முகாமில் முதன்முதலாக எரிந்தது 1855 ஆகஸ்டில். செவஸ்தபோலுக்கு வெளியே, பேண்டு வாத்தியம் முழங்க, தளபதி சிம்ப்சன் உள்ளிட்டவர்கள் முன்னிலையில் திறப்பு விழா. சோயர் இல்லையா, விழா இல்லாமல் இருக்குமா? ஆனா சமைத்தது சிப்பாயின் அதே ரேஷனைத்தான்.

அடுத்த இரண்டு வாரத்தில் செவஸ்தபோல் விழுந்தது. அதாவது, ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற அந்த முதல் குளிர்காலத்துக்கு இந்த அடுப்பு வந்து சேரவில்லை. முகாம்களில் இருந்த படைகளுக்கு அடுத்த குளிர்காலத்தில்தான் உதவியது. இறப்பு குறைந்ததற்கு அடுப்பு மட்டுமே காரணமும் இல்லை. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைச் சுத்தம் செய்தது, உடையும் உணவும் ஒழுங்காக வந்து சேர்ந்தது எல்லாம் சேர்ந்த பலன் அது.

1857-ல் சோயர் லண்டன் திரும்பினார். உடம்பு தளர்ந்திருந்தது, ஆனால் வேலையை விடவில்லை. ராணுவ உணவுமுறையை மாற்ற நைட்டிங்கேலோடு சேர்ந்து உழைத்தார். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் பயிற்சி பெற்ற நிரந்தரச் சமையல்காரர்கள் வேண்டும் என்று வலியுறுத்தினார். (பிரிட்டிஷ் ராணுவம் சமையலுக்கென்றே தனிப் படைப்பிரிவு தொடங்கியது 1941-ல்தான்!) லண்டன் வெலிங்டன் பாசறையில் அவர் வடிவமைத்த மாதிரிச் சமையலறை 1858 ஜூலை கடைசியில் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 5 அன்று இறந்துபோனார். வயது 48.

கென்சல் கிரீன் கல்லறையில், மனைவி எம்மாவுக்காக அவரே எழுப்பிய நினைவுச் சின்னத்தின் கீழ் அவரையும் அடக்கம் செய்தார்கள். கடன் கொடுத்தவர் வந்து சோயரின் உடைமைகளையும் காகிதங்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அடுப்பு மட்டும் தங்கிவிட்டது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் படையோடு போனது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த ஊர்களில் பெண் தொண்டர்கள் இதே சோயர் கொப்பரையில் டீ போட்டுக் கொடுத்தார்கள். 1982-ல் ஃபாக்லாந்து தீவுக்குப் போர் செய்யக் கிளம்பிய பிரிட்டிஷ் ராணுவத்தின் சாமான்களிலும் சோயர் அடுப்பு இருந்தது.