சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த கலைவாணர்

அழுவதற்கு நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிறந்த குழந்தையே அதை நன்கு அறியும். ஆனால் பிறர் மனம் நோகாமல் சிரிப்பதை நாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தமிழ் மக்களுக்கு அதைத் திரையிலே கற்பித்த பெருமை கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அவர்களையே சாரும். அன்னாரது வாழ்க்கை வரலாற்றைத் தோழியருக்குச் சுருக்கமாக எடுத்துரைப்பதோடு, அவருடைய படங்களுள் எவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதையும் எங்கள் சிற்றறிவுக்கு எட்டியவரை கூற விழைகிறோம்.

பிறப்பும் இளமையும்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரி என்னும் ஊரில், 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் சுடலையாண்டி, தாயார் இசக்கியம்மாள். ஊரின் பெயரும் தந்தையின் பெயருமே அவர் பெயரின் முன்னெழுத்துகளாக நிற்கின்றன. அந்நாளில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956-ஆம் ஆண்டில்தான் அப்பகுதி நம் மாநிலத்தோடு இணைந்தது.

வீட்டிலே வறுமை. ஆகவே கிருஷ்ணனின் பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்று போயிற்று. புத்தகப் பை சுமக்க வேண்டிய வயதில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் பையனானார். கை பண்டத்தை விற்றது. கண்ணும் காதும் மேடையிலேயே இருந்தன. தென்மாவட்டக் கோயில் கொடைகளில் விடிய விடிய நடக்கும் வில்லுப்பாட்டிலும் அவர் தேர்ச்சி பெற்றார். கதையை நடத்திக்கொண்டே இடையிடையே கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் வித்தையை அவருக்குக் கற்பித்த முதல் ஆசான் அந்த வில்லுப்பாட்டே எனலாம்.

பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அக்காலத்து நாடகக் கம்பெனிகளில் பெண் வேடம் உட்பட எல்லா வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். கிருஷ்ணனோ எந்த வேடத்துக்கும் ஆயத்தமாக இருந்தார். பிறருடைய வசனங்களும் அவருக்கு மனப்பாடம். ஒரு நடிகர் வராமல் போனால் அந்த இடத்தில் அவரை நிறுத்திவிடலாம். பள்ளி கொடுக்காத கல்வியை நாடக மேடை அவருக்குக் கொடுத்தது.

திரையுலகில்

1935-இல் வெளிவந்த ‘மேனகா’, 1936-இல் வெளிவந்த ‘சதிலீலாவதி’ ஆகியவை அவருடைய தொடக்க காலப் படங்கள். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய ‘சதிலீலாவதி’யில்தான் எம்.ஜி.ஆர். அவர்களும் திரையில் அறிமுகமானார். அடுத்து ‘வசந்தசேனா’ படத்துக்காகப் புனே சென்றபோது, உடன் நடிக்க வந்த டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். திரையில் இணைந்த இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தனர். ‘சகுந்தலை’, ‘ஆரியமாலா’, ‘கண்ணகி’, ‘ஹரிதாஸ்’ என்று படத்துக்குப் படம் இந்த இணையைக் காணவே கூட்டம் திரண்டது.

அவருடைய முறையே தனி. தம்முடைய நகைச்சுவைப் பகுதியைத் தாமே தம் குழுவினரோடு சேர்ந்து உருவாக்குவார். படத்தின் கதை ஒரு பக்கம் ஓட, அவருடைய சிறுகதை மறு பக்கம் ஓடும். ஒருவரை அடித்தும் தள்ளியும், உருவத்தையோ ஊனத்தையோ பழித்தும் சிரிப்பு மூட்டுவது எளிய வழி. அவர் அதை நாடவில்லை. மூடநம்பிக்கை, வீண் பெருமை, குடி, சாதிச் செருக்கு ஆகியவற்றையே நகைப்புக்கு இடமாக்கினார். அறியாதவரை விட்டுவிட்டு அறியாமையைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

சிறைவாசம்

புகழின் உச்சியில் இருந்தவரைத் துன்பம் சூழ்ந்தது. லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாசிரியர் 1944-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் கொலையுண்டார். அவ்வழக்கில் ஏழிசை மன்னர் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே ஒரு வியப்பான செய்தி. இருவரும் நடித்த ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கொட்டகையில் மக்கள் கிருஷ்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவர் சிறைக் கம்பிகளுக்குப் பின்னே இருந்தார். நாட்டையே சிரிக்க வைத்தவருக்குச் சிரிக்க ஒரு காரணமும் இல்லாத காலம் அது.

அப்போது மதுரம் அம்மையார் காட்டிய மன உறுதி நம்மைப் போன்ற பெண்களுக்குப் பாடமாகும். எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு கணவரின் நாடகக் குழுவை அவர் சிதறாமல் காத்தார். ‘பைத்தியக்காரன்’ என்ற படத்தையும் உருவாக்கி, வழக்குக்கு வேண்டிய பொருளைத் திரட்டினார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, மறு விசாரணைக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத் திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலை பெற்றனர். ஏறத்தாழ 30 மாதங்கள் சிறையில் கழிந்திருந்தன.

இவ்வழக்கில் அவர்களுக்காக வாதாடி வெற்றி கண்டவர் புகழ்பெற்ற பாரிஸ்டர் வி.எல்.எத்திராஜ். அவருடைய முதலெழுத்தில் இருப்பது நம் வேலூர் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. மறு ஆண்டே, அதாவது 1948-இல், பெண்கள் உயர்கல்வி பெறச் சென்னையில் ஒரு கல்லூரி தோன்றவும் அவர் காரணமானார். அதுவே எத்திராஜ் மகளிர் கல்லூரி. நம் பள்ளியில் படிக்கும் அக்காமார் பலருக்கு அந்தக் கல்லூரி ஒரு கனவு என்பதை நாம் அறிவோம்.

மீண்டும் மலர்ந்த சிரிப்பு

சிறை மீண்டவர் கசந்து போகவில்லை. மக்களும் அவரை மறக்கவில்லை. 1947-இல் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் ‘கலைவாணர்’ என்ற பட்டத்தை அளித்தார். ஜெமினி வாசன் தம் ‘சந்திரலேகா’வில் அவரையும் மதுரத்தையும் சேர்த்துக்கொண்டார். 1951-இல் ‘மணமகள்’, 1952-இல் ‘பணம்’ ஆகிய படங்களைக் கலைவாணரே இயக்கினார். 1951-இல் சோவியத் நாட்டுக்கும் சென்று வந்தார். காந்தியடிகளுக்கு நாகர்கோவிலில் தம் சொந்தப் பொருளைக் கொண்டு நினைவுத் தூண் எழுப்பினார்.

நாங்கள் பரிந்துரைக்கும் படங்கள்

இன்று கைபேசியிலேயே பழைய படங்களைப் பார்க்கும் வசதி இருப்பதால், விடுமுறையில் நாங்கள் சில தோழியர் சேர்ந்து அவற்றைப் பார்த்தோம். எங்கள் கருத்தைக் கூறுகிறோம்.

முதல் பரிசு 1949-இல் வந்த ‘நல்லதம்பி’க்கே. அறிஞர் அண்ணா எழுதிய படம். இதிலே விஞ்ஞானத்தைப் பற்றிய ஒரு பாட்டு வருகிறது. பொத்தானைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டுமாம். அணுவின் ஆற்றலைக் கொண்டு மாவரைக்க வேண்டுமாம். அணுகுண்டு இரண்டு நகரங்களை அழித்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது! அழிக்க வந்த சக்தியை அடுக்களைக்கு அழைத்த அந்தக் கற்பனையை எண்ணி எண்ணி வியந்தோம்.

அதே படத்தில் ‘கிந்தனார் சரித்திரம்’ என்ற கதாகாலட்சேபம் உண்டு. நந்தனார் சிதம்பரம் காணத் துடித்தார் அல்லவா? இந்தக் கிந்தன் பள்ளிக்கூடம் காணத் துடிக்கிறான். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்ததால் ஊரில் அவனுக்கு இடமில்லை. பட்டணம் சென்று படித்து, கல்வி அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்புகிறான். பார்க்கும்போது வயிறு குலுங்கச் சிரித்தோம். முடிந்தபின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. எங்கள் வகுப்பில் பலருடைய வீட்டில் பத்தாம் வகுப்பு வரை வந்த முதல் பெண் நாங்களே. கிந்தன் எங்களுக்கு அந்நியன் அல்லன்.

இரண்டாவதாக, 1956-இல் வந்த ‘ராஜா ராணி’. சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சிரித்தே காட்டுகிறார் கலைவாணர். இந்தப் பாட்டைச் சிறு வகுப்புத் தங்கைகளும் விரும்புவர். மூன்றாவதாக, ‘சந்திரலேகா’. கலைவாணரோடு சர்க்கஸ் காட்சிகளும், பெரிய முரசுகளின் மேல் ஆடும் நடனமும் சேர்ந்து கண்ணுக்கு விருந்தாகும். மதுரம் அம்மையாரைக் கூர்ந்து கவனிக்குமாறு தோழியரைக் கேட்டுக்கொள்கிறோம். அவர் அடி வாங்கவோ அசடு வழியவோ வந்த துணைவி அல்லர். கணவரின் பேச்சுக்குச் சுடச்சுடப் பதில் தருவார். பல இடங்களில் அவரையே மடக்கியும் விடுவார்.

கலைவாணரை இந்தியாவின் சார்லி சாப்ளின் என்பர். ஆகவே சாப்ளினையும் பார்த்தோம். 1925-இல் வந்த ‘தங்க வேட்டை’யில், பசி தாங்காமல் தம் காலணியையே வேகவைத்து விருந்து போல் உண்கிறார். படப்பிடிப்புக்காக அதிமதுர மிட்டாயில் செய்த காலணியாம் அது! ஆம்பூர்ப் பிள்ளைகளான எங்களுக்கு அதைவிட வேடிக்கை வேறென்ன வேண்டும்? ‘சதிலீலாவதி’ வந்த அதே 1936-இல் வெளிவந்த அவருடைய ‘நவீன காலம்’ படத்தில், ஓடும் பட்டையின் முன் நின்று திருகாணி முடுக்கியவரின் கைகள் வேலை நின்ற பின்னும் ஆடிக்கொண்டே இருக்கின்றன. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் எங்கள் தோழி ஒருத்தியின் அக்கா அதைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு, வீட்டுக்கு வந்தபின் தம் கைகளும் இரவில் இப்படித்தான் இருக்கும் என்றார்.

கார்ட்டூன் படங்களில் எங்கள் ஓட்டு 1940-இல் பிறந்த டாம் என்ற பூனைக்கும் ஜெர்ரி என்ற எலிக்கும்தான். தட்டையாக நசுங்கிய பூனை அடுத்த காட்சியிலே எழுந்து ஓடுவதால் நாம் கவலையின்றிச் சிரிக்கலாம். ஆனால் மனிதர் மனம் அப்படி உடனே எழுந்துகொள்வதில்லை.

ஏன் இதைச் சொல்கிறோம் என்றால், இன்று நகைச்சுவை என்ற பெயரில் நிறத்தையும் பருமனையும் பேச்சு வழக்கையும் கேலி செய்யும் காட்சிகள் பல படங்களில் வருகின்றன. மறுநாள் அவை வகுப்பறைக்கும் வந்துவிடுகின்றன. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே மூக்கைப் பொத்திக் காட்டிச் சிரிக்கும் வெளியூராரும் உண்டு. டேனரியில் தோலோடும் சுண்ணாம்போடும் உழைக்கும் தந்தையரின் வியர்வையினால்தான் இந்தப் பாலாற்றுக் கரையில் பல ஆயிரம் வீடுகளில் அடுப்பு எரிகிறது. அந்தத் தந்தையைக் கண்டு சிரிப்பது எளிது. அவர் மகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுக்கும் ஊரைக் கண்டு சிரிக்க வைப்பது அரிது. அந்த அரிய செயலைத்தான் கலைவாணர் செய்தார்.

மறைவும் புகழும்

பிறருக்கு வாரி வழங்கிய கலைவாணர் தமக்கென்று சேர்த்து வைக்கவில்லை. கேட்டவர்க்கு இல்லை என்று கூறும் பழக்கம் அவரிடம் இருந்ததில்லை என்று உடன் பழகியோர் அனைவரும் கூறியுள்ளனர். 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், 49 வயது நிறைவதற்கு முன்பே, சென்னையில் அவர் மறைந்தார். 1969 ஜனவரியில் சென்னை தியாகராய நகரில் அவருடைய சிலையைத் திறந்து வைத்தவர் அறிஞர் அண்ணா. உடல் நலிந்திருந்த நிலையிலும் நண்பருக்காக வந்த அண்ணா அடுத்த மாதமே மறைந்தார். சென்னையில் பாலர் அரங்கம் என்று பெயர் பெற்றிருந்த மன்றம் பின்னர் கலைவாணர் அரங்கம் ஆயிற்று. குழந்தைகளின் அரங்கத்துக்கு அவர் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயர் பொருந்தும்?

தோழியரே! அடுத்த ஆண்டு விழாவில் நகைச்சுவை நாடகம் போட எண்ணுவோர் ஒன்றை நினைவில் கொள்க. எவரைப் பற்றிச் சிரிக்கிறோமோ, அவர் முன்வரிசையில் அமர்ந்து நம்மோடு சேர்ந்து சிரிக்க முடிய வேண்டும். அப்படி முடிந்தால் அது கலைவாணர் வழிச் சிரிப்பு. முடியாவிட்டால் அந்த வசனத்தை அடித்துவிட்டு வேறு எழுதுவோம்.

வாழ்க கலைவாணர் புகழ்!