தாமஸ் அடிசன்

தாமஸ் அடிசன் (இறப்பு: ஜூன் 29, 1860) 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலேய மருத்துவர். சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அண்ணீரகச் சுரப்பிகள் (அட்ரீனல் சுரப்பிகள்) பழுதடைவதால் ஏற்படும் நோயை முதன்முதலில் விளக்கியவர் இவரே. அந்நோய் இவரது பெயரால் அடிசன் நோய் எனப்படுகிறது.

இளமையும் கல்வியும்

அடிசன் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகிலுள்ள லாங் பென்டனில் பிறந்தார். இவர் பிறந்த ஆண்டைச் சில நூல்கள் 1793 என்றும் வேறு சில 1795 என்றும் குறிக்கின்றன. தந்தை ஜோசப் அடிசன் மளிகை மற்றும் மாவு வணிகர். மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அடிசனோ மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்து, 1815இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

மருத்துவப் பணி

பட்டம் பெற்றபின் இலண்டன் சென்ற அடிசன், தாமஸ் பேட்மன் என்பவரிடம் தோல் நோய்களைப் பற்றிக் கற்றார். தோலின் நிறமாற்றங்களைக் கூர்ந்து நோக்கும் இப்பயிற்சி பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் உதவியது. 1817இல் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். 1824இல் அங்கு துணை மருத்துவராகவும், 1837இல் முழுநிலை மருத்துவராகவும் ஆனார். ரிச்சர்ட் பிரைட், தாமஸ் ஹாட்ஜ்கின் ஆகியோருடன் அம்மருத்துவமனையின் புகழ்பெற்ற மூவருள் ஒருவராக எண்ணப்படுகிறார்.

அண்ணீரகம் பற்றிய ஆய்வு

அடிசனின் காலத்தில் அண்ணீரகச் சுரப்பிகளின் பயன் இன்னதென்று யாருக்கும் தெரியாது. காரணம் புலப்படாத இரத்தசோகையை ஆராய்ந்தபோது, இறந்த நோயாளிகள் சிலரின் அண்ணீரகங்கள் சிதைந்திருப்பதை இவர் கண்டார். இதனை 1849இல் மருத்துவர் சங்கம் ஒன்றில் எடுத்துரைத்தார். 1855இல் 11 நோயாளிகளின் விவரங்களைத் தனி நூலாக வெளியிட்டார். அவர்களுள் பலருக்குக் காசநோயும், சிலருக்குப் புற்றுநோயும் இச்சுரப்பிகளை அழித்திருந்தன.

எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட் போன்றோர் இக்கருத்தை ஏற்கத் தயங்கினர். ஆனால் 1856இல் பிரௌன்-செக்கார், இரு சுரப்பிகளும் அகற்றப்பட்ட விலங்குகள் விரைவில் இறப்பதைச் சோதனை மூலம் காட்டினார். பாரிஸ் மருத்துவர் துரூசோ இந்நோய்க்கு அடிசனின் பெயரைச் சூட்டினார்.

இறுதிக்காலம்

அடிசன் கூச்ச இயல்பு கொண்டவர். நீண்ட காலம் மனச்சோர்வால் துன்புற்றார். உடல்நலம் குன்றியதால் 1860இல் பணியிலிருந்து விலகி பிரைட்டன் நகருக்குச் சென்றார். அங்கு ஜூன் 29ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இவரது உடல் கம்பர்லாந்தில் உள்ள லேனர்காஸ்ட் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அடிசன் நோய்

அண்ணீரகத்தின் புறணி கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களைச் சுரக்கிறது. இவை குறையும்போது தீராத களைப்பு, எடை குறைதல், குமட்டல், குறைந்த இரத்த அழுத்தம், எழுந்து நிற்கையில் தலைசுற்றல், உப்பின் மீது வேட்கை ஆகியன தோன்றும். தோல் கருமையடையும். இயல்பிலேயே கருநிறம் கொண்டோரில் இம்மாற்றம் எளிதில் புலப்படாது; உள்ளங்கை ரேகைகள், ஈறுகள், தழும்புகள் ஆகியவற்றில் அதனைத் தேட வேண்டும். அறிகுறிகள் மெல்லத் தோன்றுவதால் வெறும் சோர்வு என்று கருதப்பட்டு நோய் கண்டறியப்படாமல் போவதுண்டு.

மேலை நாடுகளில், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் சுரப்பியையே தாக்குவது இன்று முதன்மைக் காரணமாக உள்ளது. இந்தியாவில் அடிசன் கண்ட காசநோயும் இன்றளவும் முக்கியக் காரணமாக நீடிக்கிறது.

அடிசனின் காலத்தில் இந்நோய்க்கு மருந்து இல்லை. அண்ணீரகப் புறணியின் இயக்குநீர்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகியோர் 1950இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்வோர் இயல்பான வாழ்க்கை நடத்த முடிகிறது. காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்ற வேளைகளில் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும். தவறினால் உயிருக்கே ஆபத்தான நிலை ஏற்படலாம். வேறு நோய்களுக்காக ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டோர் அவற்றைத் திடீரென நிறுத்தினாலும் இதே ஆபத்து நேரும். எனவே அம்மருந்துகளை மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.