கரும்புக்குள் கணக்குப் பார்த்த ஜானகி அம்மாள்

மலருக்கு எழுதச் சொன்னால் நம்மில் பலர் சர் சி.வி. ராமனைப் பற்றித்தான் எழுதுவோம். நான் எழுதப்போவது கரும்பை ஆராய்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி. காரணம் இருக்கு. எங்க அம்மா மேலூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவங்க. நான் வரப்பில் உட்கார்ந்து கரும்பு கடித்தே வளர்ந்தவள்.

ஈ.கே. ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று, அன்றைய சென்னை மாகாணத்துத் தலச்சேரியில் பிறந்தார். அப்பா நீதிபதி. ஆகவே நம்மை மாதிரி ஃபீஸ் கட்டத் திண்டாடியவர் இல்லை, அதையும் சொல்லிடணும். ஆனால் தீயர் சமூகத்தில் பிறந்ததால் சாதிப் பார்வை அவரையும் விடவில்லை. சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். சகோதரிகளுக்குக் கல்யாணம் ஆனது. இவரோ உதவித்தொகை கிடைத்ததும் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். 1931ல் டாக்டர் பட்டம். (முதலாண்டு லீவில் எங்க வீட்டிலும் மாமன் மகனைப் பேச ஆரம்பிச்சாங்க. டிப்ளமோ முடியட்டும்னு அம்மாதான் நிறுத்தி வச்சாங்க.)

1934ல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். நம்ம நாட்டுக் காட்டுக் கரும்பு, அதாவது ஆற்றோரம் முளைக்கும் நாணல் மாதிரிப் புல், சப்பென்று இருக்கும். ஆனால் நோயையும் வறட்சியையும் தாங்கும். பருத்த இனிப்புக் கரும்போடு அதைக் கலந்து 1918லேயே 'கோ 205' ரகத்தை வெளியிட்டிருந்தார்கள். 'கோ' என்றால் கோயம்புத்தூர்தான். இந்தக் கலப்பில் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்ததுதான் ஜானகி அம்மாளின் வேலை.

டிராயிங் ஹாலை நினைச்சுக்குங்க. செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்கள் மாஸ்டர் டிராயிங் கட்டு மாதிரி. எல்லா செல்லிலும் அதே கட்டுதான். வேர் செல் ஒரு ஷீட்டை எடுத்து வேலை பார்க்கும், இலை செல் வேறொன்றை. வேர் நுனியைச் சாயமேற்றி, நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்து அந்தக் கட்டில் எத்தனை என்று எண்ணணும். பருத்த கரும்பில் 80. காட்டுக் கரும்பில் இடத்துக்கு இடம் மாறும். கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார் அவர்!

தனியாக வாழ்ந்த பெண் என்பதால் அங்கே ஆண் சகாக்களோடு சிரமப்பட்டார். லண்டன் போனார். 1940 முதல் 1945 வரை, குண்டு விழுந்த காலத்திலும், ஜான் இன்னெஸ் நிலையத்தில் எண்ணிக்கொண்டே இருந்தார். டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த பெரிய நூலை 1945ல் வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் கோல்ச்சிசின் மருந்தால் குரோமோசோமை இரட்டிப்பாக்கினார். அங்கே ஒரு மக்னோலியா ரகத்துக்கு அவர் பெயர்.

1951ல் நேரு அழைத்து நாடு திரும்பினார். 1977ல் பத்மஸ்ரீ. எண்பது வயதை ஒட்டியும் ஓயவில்லை: மின் திட்டத்தால் அமைதிப் பள்ளத்தாக்குக் காடு மூழ்கப்போகிறது என்றதும் எதிர்த்து நின்றார். 1984 பிப்ரவரி 7 அன்று சென்னைப் பக்கம் மதுரவாயலில் காலமானார். அதே வருஷம் நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. கேட்க அவர் இல்லை.