வைரம் செய்யப் போன முவாசான்

அடுப்புக் கரியும் நகைக்கடை வைரமும் ஒரே குடும்பம் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை. இரண்டுமே கார்பன்தான். அப்படியானால் கரியை வைரமாக்க முடியாதா? அந்தக் கேள்வியின் பின்னால் போனவர்தான் பிரான்சு நாட்டு அறிஞர் ஹென்றி முவாசான்.

அவர் 1852 செப்டம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தகப்பனாருக்கு ரயில்வே கம்பெனியில் சாதாரண வேலை. சம்பளம் பத்தாமல் தாயார் துணி தைத்துக் கொடுத்தார். 1870இல், மேற்படிப்புக்கு வேண்டிய சர்ட்டிபிகேட் இல்லாமலேயே முவாசான் பள்ளியை விட்டு வந்தார். கடிகாரம் செய்பவரிடம் வேலை பழகினார். பிறகு பாரிஸில் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தார். படிப்பு இத்தோடு போச்சு என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. விடாமல் படித்து 1874இல் தகுதிப் பரீட்சையில் தேறினார். 1880இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

1886இல், கொடிய விஷமான ஃபுளோரின் வாயுவை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அந்த ஆராய்ச்சியில் அவருக்கு முன்னே சிலர் உயிரையே விட்டிருந்தார்கள்.

அடுத்தது வைரம். 1892இல் சுண்ணாம்புக் கட்டிகளால் ஒரு மின்சார உலை செய்தார். அதன் சூடு 3,500 டிகிரி வரை ஏறும். அதில் இரும்பை உருக்கி, சர்க்கரையைக் கருக்கி எடுத்த கரியை அதிலே கரைத்தார். அந்தக் குழம்பைப் பாத்திரத்தோடு குளிர்ந்த நீரில் முக்கினார். மேலோடு சட்டென்று இறுகிவிடும். உள்ளிருக்கும் இரும்பு உறையும்போது விரியப் பார்க்கும், இடம் கிடைக்காது. அந்த நெருக்கலில் கரி வைரமாகும் என்பது அவர் கணக்கு. பிறகு இரும்பை அமிலத்தில் கரைத்தார். நுண்ணிய துகள்கள் மிஞ்சின. வைரம் கிடைத்துவிட்டதென்று 1893இல் அறிவித்தார்.

ஃபுளோரினுக்கும் மின்சார உலைக்குமாக 1906இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. மறு ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், 54ஆம் வயதில் காலமானார்.

பின்னால் வந்தவர்கள் அதே முறையில் செய்து பார்த்தார்கள், வைரம் வரவில்லை. அழுத்தம் பத்தவில்லை என்பது பிறகு தெரிந்தது. 1953இல் சுவீடனிலும் 1954இல் அமெரிக்காவிலும் ராட்சத இயந்திரங்களைக் கொண்டு, காற்றழுத்தத்தைப் போல் ஐம்பதாயிரம் மடங்குக்கு மேல் அழுத்தி வைரம் செய்தார்கள். அங்கேயும் கார்பனை உருகிய உலோகத்தில்தான் கரைத்தார்கள். முவாசான் போன பாதை சரி; தூரம்தான் மிச்சம் இருந்தது.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் செல்வங்களுக்கு வாழ்த்துகள். வாங்காத செல்வங்களுக்குத்தான் இந்தக் கதை. பெற்றோர்களே, ஒரு பரீட்சை போனதும் பிள்ளைக்குப் படிப்பு ஏறலைன்னு முடிவு கட்டி நிறுத்திவிடாதீர்கள். சர்ட்டிபிகேட் இல்லாமல் பள்ளியை விட்ட பையன்தான் நோபல் பரிசு வாங்கினான்.